கருப்பை ஒரு ரத்தக்குழாய் அல்ல

சிசேரியன் அறுவையின்போது, கீறிய இடத்தின் ஓரத்திலிருந்து கருப்பைச் சுவரில் சிறு துண்டு ஒன்றைத் தாயின் ஒப்புதலோடு ஆய்வுக்கு எடுத்துக்கொள்வதுண்டு. அதிலிருந்து ஒரு மெல்லிய கீற்றை வெட்டி, 37 டிகிரி வெப்பத்தில் வைத்த உப்புக் கரைசலுக்குள், ஆக்சிஜன் குமிழ்கள் எழும்பிக்கொண்டிருக்க, நூலில் கட்டித் தொங்கவிடுவார்கள். மேல்முனை இழுவிசையை அளக்கும் கருவியோடு பிணைந்திருக்கும். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு கீற்று தானாகவே சுருங்கும், தளரும், சில நிமிடம் கழித்து மறுபடி சுருங்கும். மூளையிலிருந்து நரம்பு வரவில்லை, ரத்த ஓட்டம் இல்லை, தாயே அங்கே இல்லை. இருந்தும் மணிக்கணக்கில் அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

இதை ஒருமுறை நேரில் பார்த்தவர்களுக்குக் கர்ப்பத்தைப் பற்றிய கேள்வியே மாறிவிடும். பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்றுதான் நாம் வழக்கமாகக் கேட்கிறோம். சுருங்குவதையே இயல்பாகக் கொண்ட ஒரு தசை, சுமார் 70 கிராமிலிருந்து ஒரு கிலோவுக்கு மேல் வளர்ந்து, உள்ளே ஏறத்தாழ 5 லிட்டருக்கு இடம் கொடுத்து, 40 வாரம் எப்படிச் சும்மா கிடக்கிறது என்பது அதைவிடக் கடினமான கேள்வி. முழுக்கச் சும்மாவும் கிடப்பதில்லை. கடைசி மாதங்களில் வந்து வந்து போகும் ‘சூட்டு வலி’க்குச் சீரகத் தண்ணீர் குடித்துவிட்டு, இது நிஜ வலிதானா என்று காத்திருந்த பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இந்த அடக்கத்துக்குப் பொறுப்பானவற்றில் முதலிடம் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனுக்கு. அது மட்டுமே காரணம் அல்ல என்று பலரும் கருதுகிறார்கள். சந்தேகப் பட்டியலில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவரும் ஒரு பெயர் நைட்ரிக் ஆக்சைடு. ஒரு நைட்ரஜன் அணு, ஒரு ஆக்சிஜன் அணு, அவ்வளவுதான். வாகனப் புகையிலும் இருக்கிறது. பிரசவ அறையில் வலி குறைய முகமூடி வழியாக மூச்சிழுக்கக் கொடுப்பார்களே, அது நைட்ரஸ் ஆக்சைடு. பெயரில் ஓரிரு எழுத்து இடறினால் வேதியியலில் வேறு உலகம். நைட்ரிக் ஆக்சைடில் இணை சேராத ஓர் எலக்ட்ரான் இருப்பதால் அது எதனோடாவது ஒட்டிக்கொள்ளத் துடிக்கும். உடலுக்குள் சில விநாடிகளுக்குமேல் தாக்குப்பிடிக்காது. அர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து உடல் அதைத் தேவைப்படும்போது தேவைப்படும் இடத்தில் தயாரித்துக்கொள்கிறது.

அது மென்தசையைத் தளர்த்தும் என்பது மருத்துவப் பாடநூலில் உறுதியாக அச்சாகிவிட்ட செய்தி. எப்படித் தளர்த்துகிறது என்பதும் அங்கே தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த விளக்கம் ரத்தக்குழாயைப் பார்த்து எழுதப்பட்டது. அதையே கருப்பைக்கும் பொருத்தியதில்தான் பிழை நுழைந்தது என்பது என் கருத்து.

தசை சுருங்கும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மென்தசைச் செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது. அது கால்மோடுலின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரு நொதியை எழுப்புகின்றன. அந்த நொதி மயோசின் இழைமேல் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. மயோசின் ஆக்டின் இழையைப் பற்றி இழுக்கிறது. தளர வேண்டுமானால் கால்சியம் வெளியேற வேண்டும், ஏற்றிய பாஸ்பேட் இறங்க வேண்டும். கருப்பையில் இதற்குமேல் ஒரு வேலை உண்டு. கோடிக்கணக்கான செல்கள் ஒரே நேரத்தில் சுருங்கினால்தான் குழந்தை நகரும். பிரசவம் நெருங்கும்போது செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே சிறு வாசல்கள் பெருகுகின்றன. கனெக்சின் 43 என்ற புரதம் அவற்றைக் கட்டுகிறது. ஒரு செல்லில் எழும் மின் துடிப்பு அந்த வாசல் வழியே பக்கத்துச் செல்லுக்குத் தாவும். ஊர்கூடித் தேர் இழுப்பதுதான் இது. வடத்தை ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது.

இனி ரத்தக்குழாயின் கதை. 1867இல் லாடர் பிரன்டன் மார்வலிக்கு அமைல் நைட்ரைட்டை முகரக் கொடுத்தார். 1879இல் வில்லியம் மரெல் அதே நோவுக்கு நைட்ரோகிளிசரின் கொடுத்து எழுதினார். வெடிமருந்தாகப் புகழ்பெற்ற பொருள், சொட்டுக் கணக்கில் மருந்தானது. ஏன் வேலை செய்கிறது என்று ஒரு நூற்றாண்டுக்குத் தெரியாது. 1977இல் ஃபெரித் முராத், நைட்ரோகிளிசரினிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வெளிப்பட்டுக் குவானிலேட் சைக்ளேஸ் என்ற நொதியைத் தூண்டுவதைக் காட்டினார். 1980இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் மகாதமனியைத் தளர்த்த அதன் உள்ளுறைச் செல்கள் ஏதோ ஒன்றைச் சுரக்கின்றன என்று கண்டார். அந்த ‘ஏதோ ஒன்று’ நைட்ரிக் ஆக்சைடே என்று லூயி இக்னாரோவும், லண்டனுக்கு அருகே சல்வடோர் மொன்காடாவின் குழுவும் 1986–87இல் முடிவுக்கு வந்தார்கள். 1998இல் முராத், ஃபர்ச்காட், இக்னாரோ மூவருக்கும் நோபல் கிடைத்தது. மொன்காடா விடுபட்டது நியாயமா என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அவர் இந்தக் கட்டுரையில் இன்னொரு முறை வருவார்.

இவர்கள் வகுத்த பாதை இது. நைட்ரிக் ஆக்சைடு செல்லுக்குள் நுழைந்து குவானிலேட் சைக்ளேஸின் இரும்பில் அமர்கிறது. நொதி விழித்துச் சைக்ளிக் ஜிஎம்பி என்ற சிறு மூலக்கூறைப் பெருக்குகிறது. அது இன்னொரு நொதியை ஏவுகிறது. கால்சியம் வடிகிறது, மயோசினின் பாஸ்பேட் இறங்குகிறது, குழாய் விரிகிறது. வயாகரா என்ற பெயரில் உலகறிந்த சில்டனாஃபில், இந்தச் சைக்ளிக் ஜிஎம்பி சீக்கிரம் அழிந்துவிடாமல் காப்பதால்தான் வேலை செய்கிறது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் சோதித்துப் பார்க்கப்பட்டது. ரத்தக்குழாயைப் பொறுத்தவரை இதில் குறை காண ஒன்றுமில்லை.

கருப்பைக்கு இந்த வகை மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் ஆசை புதிதல்ல. குழந்தை பிறந்தபின் கருப்பை நடுவே இறுகி, நஞ்சுக்கொடி மேலே சிக்கிக்கொள்வதுண்டு. இதற்கு அமைல் நைட்ரைட் முகரக் கொடுத்த அனுபவத்தை 1882லேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஃபேன்கோர்ட் பார்ன்ஸ் எழுதியிருக்கிறார். ஆனால் அறிவியல் நம்பிக்கையோடு இதில் இறங்கியது 1990களில்தான். அமெரிக்காவின் கால்வெஸ்டனில் சந்திர யல்லம்பள்ளியும் ராபர்ட் கார்ஃபீல்டும் எலிகளை வைத்து ஆராய்ந்தார்கள். கர்ப்பிணி எலியின் கருப்பை நைட்ரிக் ஆக்சைடுக்கு நன்கு தளர்ந்தது. பிரசவ நேரத்தில் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துபோனது. அழகான சித்திரம் உருவானது: கர்ப்பம் முழுக்க இந்த வாயு கருப்பையை அடக்கி வைத்திருக்கிறது, அது குறையும்போது வலி தொடங்குகிறது.

அடுத்த அடி இயல்பானது. குறைப்பிரசவ வலி வந்த பெண்ணுக்கு நைட்ரிக் ஆக்சைடு தரும் மருந்தைக் கொடுத்தால் என்ன? 1994இல் லான்செட் இதழில் ஒரு லண்டன் குழு 13 பெண்களின் அனுபவத்தை வெளியிட்டது. இதயநோயாளிகள் மார்பில் ஒட்டிக்கொள்ளும் கிளிசரில் டிரைநைட்ரேட் (நைட்ரோகிளிசரினின் மறுபெயர்) பட்டையை இவர்கள் வயிற்றில் ஒட்டினார்கள். வலி அடங்கியது, கர்ப்பம் வாரக்கணக்கில் நீண்டது. கட்டுரையாசிரியர்களில் ஒருவர் மொன்காடா. 13 பேர், ஒப்பீட்டுக் குழு கிடையாது. குறைப்பிரசவ வலி என்று மருத்துவமனைக்கு வருபவர்களில் பலருக்கு எந்த மருந்தும் இல்லாமலே வலி நின்றுவிடும் என்பதால், இந்த எண்ணிக்கையிலிருந்து பெரிதாக எதையும் சொல்ல முடியாது. ஆனால் நம்பிக்கை பரவப் புள்ளிவிவரம் எப்போது தேவைப்பட்டது?

இந்தியாவுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. 2020இல் உலகில் 37 வாரம் நிறையாமல் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 1.34 கோடி, அவர்களில் சுமார் 30 லட்சம் பேர் இந்தியாவில் பிறந்தார்கள். வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. அந்தப் பட்டை நம் ஊர் பிரசவ வார்டுகளிலும் ஒட்டப்படுகிறது. ஒட்டிய பெண்கள் முதலில் சொல்வது தலைவலியைப் பற்றி. டைனமைட் ஆலைத் தொழிலாளர்களை அந்தக் காலத்தில் வாட்டிய தலைவலியும் இதுதான். வாரம் முழுக்க நைட்ரோகிளிசரின் புழங்கி உடல் பழகிவிடும். ஞாயிறு விடுமுறையில் பழக்கம் விட்டுப்போகும். திங்கட்கிழமை மண்டை பிளக்கும். தலையில் உள்ள ரத்தக்குழாய் மருந்துக்கு உடனே பணிகிறது என்பதற்கு அதுவே சாட்சி. கருப்பை அதேபோல் பணிகிறதா?

பணியாது என்பதற்கான குறிப்பு முன்பே அச்சில் இருந்தது. 1983இல் ஜாக் டயமண்ட் என்ற மருந்தியலாளர் நைட்ரோகிளிசரின் வகை மருந்துகளை ரத்தக்குழாய் அல்லாத மென்தசைகளில் சோதித்தார். எலியின் கருப்பையில் சைக்ளிக் ஜிஎம்பி ஏறியது. ஆனால் அந்த ஏற்றத்துக்கும் தளர்வுக்கும் பொருத்தம் இல்லை. அப்போது நைட்ரிக் ஆக்சைடு என்ற பெயரே இந்தத் துறையில் நிலைபெறவில்லை. பிறகு நிலைபெற்றபோது, ரத்தக்குழாய்க் கண்டுபிடிப்பின் வெளிச்சத்தில் இந்த முரண் யாருடைய கண்ணையும் உறுத்தவில்லை.

உறுத்தலோடு அதை மறுபடி கையில் எடுத்தவர்கள் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ரீனோ நகரத்தில் இருந்தார்கள். இயன் பக்ஸ்டனின் குழு 1998இல் மனிதக் கருப்பைக் கீற்றுகளில் செய்தது நேரான சோதனை. ஆக்சிடோசின் கொடுத்துக் கீற்றைச் சுருங்கவைத்தார்கள். நைட்ரிக் ஆக்சைடு தரும் பொருளைச் சேர்த்தார்கள். கீற்று தளர்ந்தது, சைக்ளிக் ஜிஎம்பியும் ஏறியது. இதுவரை பாடநூல் சொன்னபடிதான். பிறகு, மெத்திலீன் புளூ போன்ற தடுப்பான்களைக் கொண்டு குவானிலேட் சைக்ளேஸை முடக்கினார்கள். சைக்ளிக் ஜிஎம்பி ஏறவில்லை. கீற்றோ முன்போலவே தளர்ந்தது.

ஏறாத ஒன்று காரணமாக இருக்க முடியாது. 2001இல் அதே குழு, பிரசவ வலி கண்ட கருப்பை, காணாத கருப்பை இரண்டிலும் இதைச் சோதித்து, நைட்ரிக் ஆக்சைடின் தளர்வு சைக்ளிக் ஜிஎம்பி வழியாக நடப்பதில்லை என்று தலைப்பிலேயே எழுதியது. 2018இல் எதிர்ப்பக்கமிருந்தும் கேட்டார்கள். நைட்ரிக் ஆக்சைடே இல்லாமல், குவானிலேட் சைக்ளேஸை மட்டும் நேரடியாகத் தூண்டினால் என்ன ஆகும்? ரத்தக்குழாய் முழுதாகத் தளர்ந்தது. கருப்பைத் தசை அசைந்து கொடுக்கவில்லை. நொதி அதேதான், தசை மட்டும் வேறு.

அப்படியானால் கருப்பையில் ஏறும் சைக்ளிக் ஜிஎம்பி எதற்கு? அது செல்லுக்குள் எங்கே உருவாகிறது என்பது முக்கியம் என்று ஒரு விடை உண்டு. செல்லுறையோடு ஒட்டிய வேறொரு குவானிலேட் சைக்ளேஸைக் குடல் சார்ந்த ஒரு சிறு ஹார்மோனால் தூண்டினால், கினிப்பன்றிக் கருப்பை தளர்கிறது. சமையலறையில் எரியும் விளக்கு திண்ணைக்கு வெளிச்சம் தராததுபோல, செல்லின் ஒரு மூலையில் பெருகும் செய்தி இன்னொரு மூலையில் எடுபடாமல் போகலாம். மனிதக் கர்ப்பத்தில் இதற்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்களிடையே உடன்பாடு எட்டப்படவில்லை.

தளர்வுக்கான உண்மைப் பாதை எது? 1998 சோதனை ஒரு துப்பு கொடுத்தது. கால்சியத்தால் திறக்கும் பொட்டாசியம் வாயில்களைத் தேள் நஞ்சிலிருந்து எடுத்த பொருளால் அடைத்தபோது தளர்வு தடைப்பட்டது. பொட்டாசியம் வெளியே போனால் செல்லின் மின்னழுத்தம் தாழும், கால்சியம் உள்ளே வருவது குறையும். அந்த வாயிலை நைட்ரிக் ஆக்சைடு ஏதோ ஒரு விதத்தில் நேராகத் தொடுகிறது என்றாகிறது. நேராகத் தொடும் வழி ஒன்று வேதியியலில் தெரிந்ததே. புரதங்களில் சிஸ்டைன் என்ற அமினோ அமிலம் இருக்கும். அதன் கந்தக முனையில் நைட்ரிக் ஆக்சைடு போய் ஒட்டிக்கொள்ளும். எஸ்-நைட்ரோசேற்றம் என்று இதற்குப் பெயர். ஸ்டிக்கர் பொட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒட்டலாம், எடுக்கலாம், ஒட்டியிருக்கும் வரை முகம் வேறு. பொட்டு ஒட்டிய புரதத்தின் நடத்தையும் மாறுகிறது.

2013இல் ரீனோ குழு மனிதக் கருப்பைத் தசையில் இப்படிப் பொட்டு வைத்துக்கொண்ட புரதங்களைப் பட்டியலிட்டது. கர்ப்பத்தில் ஒரு வரிசை, நிறைமாதப் பிரசவத்தில் இன்னொன்று, குறைப்பிரசவத்தில் வேறொன்று. சுருங்கும் இயந்திரத்தின் பாகங்களான புரதங்களும் அதில் இருந்தன. செல்களுக்கு நடுவே வாசல் கட்டும் கனெக்சின் 43உம் இப்படி மாற்றம் பெறுகிறது என்று பின்னர் தெரிந்தது. இந்த விவரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. தேரிழுக்கும் ஆளின் கையைத் தளர்த்துவது ஒரு வழி. வடத்தையே துண்டாக்கிவிட்டால், கையில் எவ்வளவு வலு இருந்தாலும் தேர் நின்ற இடத்தில் நிற்கும். ரத்தக்குழாய்க்கு இந்த இரண்டாவது வழி அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. அதற்கு ஊர்கூடி இழுக்கும் வேலை இல்லை.

மருத்துவமனை முடிவுகளை இந்த வெளிச்சத்தில் படித்தால் பல புதிர்கள் அவிழ்கின்றன. 2004இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தலைமையில் 238 பெண்களிடம் நடந்த சோதனையில், ஒட்டுப் பட்டை பழைய மருந்துகளுக்கு ஈடுகொடுக்கவில்லை. பட்டை ஒட்டியவர்களில் பலருக்கு வேறு மருந்தும் தேவைப்பட்டது. 2007இல் கனடாவில் 153 பெண்களிடம் நடந்த சோதனையில், குழந்தைகளின் நிலை சற்று மேம்பட்டதாகத் தெரிந்தது. 2014இல் எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, இதை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கச் சான்று போதாது என்றது. பிறகு பிரிட்டனில் 29 மருத்துவமனைகளில் 1,107 பெண்களிடம் நடந்த பெரிய சோதனை. நஞ்சுக்கொடி வெளியேறாமல் தங்கியவர்களுக்கு நாக்குக்கு அடியில் கிளிசரில் டிரைநைட்ரேட் தெளித்தார்கள். மருந்து பெற்றவர்களில் 93 விழுக்காட்டினருக்கும், பொய் மருந்து பெற்றவர்களில் 92 விழுக்காட்டினருக்கும் கையை உள்ளே விட்டுத்தான் நஞ்சுக்கொடியை எடுக்க வேண்டியிருந்தது. ரத்த அழுத்தம் மட்டும் மருந்துக்கு ஒழுங்காகக் கீழ்ப்படிந்து இறங்கியது.

மயக்க மருத்துவர்கள் இங்கே குறுக்கிடக்கூடும். கருப்பை உள்புறம் வெளியாகப் புரண்டுவிட்டபோதும், கால்வழியாகப் பிறக்கும் குழந்தையின் தலை சிக்கிக்கொண்டபோதும், சிரையில் ஐம்பது நூறு மைக்ரோகிராம் நைட்ரோகிளிசரின் போட்டதும் ஒரு நிமிடத்தில் கருப்பை இளகியதைத் தங்கள் கண்ணால் பார்த்தவர்கள் அவர்களில் உண்டு. அந்த அனுபவத்தைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. உயிர் போகும் அவசரத்தில் ஒப்பீட்டுக் குழு வைத்துச் சோதிக்கவும் முடியாது. ஆனால் ஆய்வகக் கீற்றுகளைத் தளர்த்த வேண்டிய அளவு, நோயாளியின் ரத்தத்தில் எட்டும் அளவைவிட வெகு அதிகம் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் உடன் கொடுத்த மயக்க மருந்துக்கும், மருத்துவரின் கைக்கும் எவ்வளவு பங்கு என்று பிரிப்பது எளிதல்ல.

கருப்பை வாய் இன்னொரு சிக்கல். கருப்பையின் உடல் தசையால் ஆனது. வாய்ப்பகுதியோ பெரும்பாலும் கொலாஜன் நார். பிரசவம் நெருங்கும்போது வாய் இளகத் தொடங்கும். அப்போது அங்கே நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தி ஏறுகிறது. மேலே அடக்கி வைக்கும் என்று நாம் நம்பும் அதே வாயு, கீழே கதவைத் திறக்க உதவுகிறது. இதை வைத்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஒரு சோதனை செய்தார்கள். முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த 350 பெண்கள், வலியைத் தூண்டுவதற்காக மருத்துவமனைக்கு வருமுன், நைட்ரிக் ஆக்சைடு தரும் ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் மாத்திரையை வீட்டிலேயே பிறப்புறுப்பில் வைத்துக்கொண்டார்கள். அவர்களில் பாதிப்பேருக்குக் கிடைத்தது பொய் மாத்திரை. 2009இல் முடிவு வந்தது. வாய் கொஞ்சம் இளகியது. மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து குழந்தை பிறக்கும் நேரம் குறையவில்லை. ஒட்டுப் பட்டையால் வலியை நிறுத்த முயலும்போது வாய்ப்பகுதியில் நாம் எதை ஊக்குவிக்கிறோம் என்ற கேள்வியை அந்த மாத்திரை எழுப்பிவிட்டுப் போனது.

குறைப்பிரசவத்துக்கு இன்று வார்டில் கொடுப்பவற்றைப் பாருங்கள். நிஃபிடிபின் ரத்த அழுத்த மருந்து. டெர்பியூட்டலின் ஆஸ்துமாவுக்கானது. இண்டோமெத்தசின் மூட்டு வலிக்கு. நம் ஊரில் தாராளமாக எழுதப்படும் ஐசாக்சுப்ரின் ரத்தக்குழாயை விரிக்க வந்தது. ஆக்சிடோசினைத் தடுக்கும் அட்டோசிபான் போன்ற ஓரிரண்டைத் தவிர எல்லாம் இரவல். இரவல் என்பதாலேயே அவை வீண் என்று ஆகிவிடாது. பிரசவத்தை 48 மணி நேரம் தள்ளிப்போட முடிந்தால், அதற்குள் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி குழந்தையின் நுரையீரலைத் தயார்படுத்திவிடும். நியூசிலாந்தில் லிகின்ஸும் ஹோவியும் 1972இல் காட்டிய இந்த வழி எண்ணற்ற குழந்தைகளை மூச்சுத்திணறலிலிருந்து மீட்டிருக்கிறது. இரவல் மருந்துகளால் அந்த இரண்டு நாள் கிடைத்தாலே பெரிது. ஆனால் எட்டு வாரம் வேண்டுமென்றால் இரவல் போதாது. கருப்பையின் சொந்த வழியைத் தெரிந்துகொண்டாக வேண்டும்.

அந்த வழியில் ஓரடி முன்னே வைத்ததும் 2018 ஆய்வுதான். குறைப்பிரசவ வலி கண்ட பெண்களின் கருப்பைக் கீற்று, நிறைமாதக் கீற்றைப் போல நைட்ரிக் ஆக்சைடுக்குத் தளரவில்லை. அதன் புரதங்களில் பொட்டுகளும் குறைவாக இருந்தன. நைட்ரிக் ஆக்சைடைச் சுமந்து சென்று புரதங்களுக்குத் தரும் ஒரு சேமிப்பு மூலக்கூறு உடலில் உண்டு: நைட்ரோசோகுளூட்டதையோன். அதைச் சிதைக்கும் நொதி குறைப்பிரசவத் தசையில் மிகுந்திருந்தது. வெளியிலிருந்து எவ்வளவு பட்டை ஒட்டினாலும், ஒட்டவேண்டிய பொட்டின் கையிருப்பை உள்ளேயே ஒருவர் அழித்துக்கொண்டிருந்தால் மருந்து எப்படி எடுபடும்? மருந்து யாருக்குத் தேவையோ அவருடைய தசையில்தான் அது மிகவும் பலவீனமாக இருக்கிறது. சிதைக்கும் நொதியைத் தடுத்துப் பார்த்தார்கள். அதுவரை அடங்காமல் சுருங்கிக்கொண்டிருந்த அந்தக் கீற்று தளர்ந்தது.

கண்ணாடிக் குடுவைக்குள் நடந்தது அது. அந்த நொதி நுரையீரலிலும் கல்லீரலிலும் வேறு பல இடங்களிலும் வேலை செய்கிறது. நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போனால் என்ன செய்யும் என்பது கர்ப்பிணிக்குக் கொடுக்குமுன் விடை காணவேண்டிய கேள்வி. அதுவரை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏழாம் மாதத்தில் வார்டுக்கு வரும் பெண்ணுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள், நிஃபிடிபின் கொடுப்பார்கள், பச்சிளங்குழந்தைப் பிரிவில் இன்குபேட்டர் காலியாக இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்பார்கள்.